15 வயது மகன் கப்பலுக்கு வரமாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

வெள்ளாம்பல் (திரி தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். குடும்பமாக ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒன்று பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 15 வயது மகன், 12 வயது மகள். மகள் இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். மகனிடம் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி "வைஃபை இருக்குமா?". இரண்டாவது, "நான் வராமல் இருக்க முடியுமா?". அப்புறம் இந்தக் கப்பல்கள் கடலை எப்படி நாசம் செய்கின்றன என்று அரை மணி நேரம் பேசினான். பாதி உண்மை, பாதி சாக்கு என்று எனக்குப் பட்டது.

நாலு பேருக்கு ஒரே அறை போதுமா? இந்த வயதில் கப்பலுக்குள் எவ்வளவு தூரம் தனியாகச் சுற்ற விடலாம்? முக்கியமாக, மனசில்லாதவனை இழுத்துக்கொண்டு போகலாமா? "ஏறிவிட்டால் சரியாகிவிடுவான்" என்கிறார் கணவர். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஏழாம்தளம்

மூன்று முறை போய் வந்திருக்கிறோம், கடைசி முறை 14, 16 வயதுப் பையன்களோடு. அறை விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாலு பேர் அறை என்றால் கீழே இரண்டு கட்டில், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கிவிடும் மேல்கட்டில் இரண்டு. படுக்க இடம் உண்டு, நிற்கத்தான் இடம் இல்லை. குளியலறை ஒன்றே ஒன்று. வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பால்கனி அறை ஒன்றுக்குப் பதிலாக ஜன்னல் இல்லாத உள்ளறை இரண்டு எடுத்துப் பாருங்கள். பல சமயம் இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. உள்ளறையில் விளக்கை அணைத்தால் பகலும் இரவுதான், என் பெரியவன் மதியம் வரை தூங்கினான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். "அடுத்தடுத்த அறை" என்பது வேறு, "உள்கதவு உள்ள அறை" என்பது வேறு. அதைக் கேட்காமல் பதிவு செய்துவிட்டு, போய்ப் பார்த்தால் நடுவில் வெறும் சுவர் இருந்தது.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெரியவர் பெயர் வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெற்றோர் அறைக்குப் பக்கத்திலோ எதிரிலோ என்றால் பிள்ளைகளைத் தனி அறையில் விடச் சிலர் சம்மதிப்பார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கப்பல் அறையின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி பத்து வாங்கிப் போனால் ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் சுவரில் தொங்கும். யாரும் இதைச் சொல்வதில்லை.

சும்மா ஒருவன்

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வரமாட்டேன் என்று சொல்பவனை ஏன் இழுக்க வேண்டும்? மிதக்கும் அங்காடித் தெருவில் ஏழு நாள் அடைத்து வைப்பதற்குப் பெயர் விடுமுறையா? மலையேறப் போகலாம், சைக்கிளில் போகலாம்.

காற்றாடி

சும்மா ஒருவன் சார், எங்கே கூப்பிட்டாலும் 15 வயது முதலில் "இல்லை" என்றுதான் சொல்லும். சைக்கிளுக்கும் அதே பதில் வரும்.

வெள்ளாம்பல் அக்கா, சுற்ற விடுவது பற்றி என் அனுபவம். மகளுக்கு அப்போது 14. முதல் இரவு பதினொரு மணிக்கு வருகிறேன் என்று போனவள் பன்னிரண்டரை வரை வரவில்லை. நடுக்கடலில் சாதாரண அலைபேசி இணைப்பு கிடையாது. இணையத் தொகுப்பு எனக்கு மட்டும்தான் வாங்கியிருந்தோம். பதினாறு தளம், மூவாயிரம் பேர். தளம் தளமாக ஏறி இறங்கித் தேடினேன். மேல்தளத்தில் ஒரு மூலையில் ஆறேழு பிள்ளைகளோடு உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. நான் இரவு உடுப்பில் இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து பத்தரைக்குள் அறையில் இருக்க வேண்டும், தளம் மாறினால் அறையில் சீட்டு எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். சுதந்திரம் எல்லாம் சரிதான், எல்லை இல்லாமல் கொடுக்கக்கூடாது.

நுணல்

இந்தத் திரியில் வயதில் சின்னவள் நான்தான் என்று நினைக்கிறேன். 17. இரண்டு பயணம் போயிருக்கிறேன், ஒன்று பிடித்தது, ஒன்று பிடிக்கவில்லை. அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

பதின்ம வயதினர் கிளப் என்று ஒன்று இருக்கும். விளையாட்டு, இசை, திரை எல்லாம் உண்டு, ஆனால் அங்கே ஆட்கள்தான் விஷயம். முதல் இரவு ஒரு அறிமுகக் கூட்டம் நடக்கும். அன்றைக்கே கூட்டம் சேர்ந்துவிடும். மூன்றாம் நாள் போனால் எல்லோரும் ஏற்கெனவே நண்பர்கள், நாம் கதவருகே நிற்போம். பிடிக்காத அந்தப் பயணத்தில் எனக்கு நடந்தது அதுதான். முதல் இரவு "களைப்பாக இருக்கும், நாளைக்குப் போ" என்று அம்மா சொல்லிவிட்டார்.

எந்த நிறுவனம் வயதை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள். கார்னிவலில் 12 முதல் 14, 15 முதல் 17 என்று இரண்டு கிளப். நார்வீஜியனில் 13 முதல் 17 வரை ஒரே கூட்டம், 12 வயது என்றால் சின்னப் பிள்ளைகளோடு. உங்கள் மகளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவளிடமே கேளுங்கள். கப்பல் ஏறும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு.

காலைச் சாப்பாட்டில் "நேற்று யாரோடு பேசினாய், நண்பர்கள் கிடைத்தார்களா?" என்று கேட்காதீர்கள். கிடைக்காத நாளில் அந்தக் கேள்வி ரொம்ப வலிக்கும்.

காற்றாடி ஆன்ட்டி, நீங்கள் வந்து நின்றபோது உங்கள் மகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது :)

காற்றாடி

நுணல், ஆன்ட்டி என்று சொல்லும் அளவுக்கு வயதாகவில்லை, இருந்தாலும் சரி. முதல் இரவு விஷயம் எனக்குத் தெரியாது. அதை நினைக்கையில் என் மகள் அன்றைக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

பழைய என்ஜின்ரூம்

கப்பல்களின் இயந்திர அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பயணியாகப் போனது ஒரே ஒரு முறை. அன்றும் இயந்திரச் சத்தம் மாறும்போதெல்லாம் விழித்துக்கொண்டேன்.

அம்மா, முதலில் உங்கள் மகன் சொன்னதைப் பற்றி. அதைச் சாக்கு என்று ஒதுக்காதீர்கள். கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 2020 ஜனவரி முதல் உலகம் முழுக்க 0.5 என்று குறைத்தார்கள். மத்தியதரைக் கடலில் 2025 மே முதல் 0.1. ஆனால் புகையைக் கடல்நீரால் கழுவும் கருவி பொருத்திக்கொண்டு பழைய கனமான எண்ணெயையே எரிக்கவும் அனுமதி உண்டு. கழுவிய நீர் எங்கே போகும்? பல கப்பல்களில் கடலுக்குத்தான். இப்போது வரும் பெரிய கப்பல்கள் பல திரவமாக்கிய இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. கந்தகம் அநேகமாக இல்லை, ஆனால் எரியாமல் நழுவும் மீத்தேன் ஒரு புதுத் தலைவலி. வெனிஸ் நகரத்தின் நடுவே பெரிய கப்பல்கள் போவதை 2021 ஆகஸ்டில் தடை செய்தார்கள். ஆகவே பையன் பேசியதில் பொருள் இருக்கிறது. துறைமுகத்தில் கரை மின்சாரத்தில் இணைந்து இயந்திரத்தை நிறுத்தும் கப்பலா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். கப்பல் முழுக்கச் சுத்தமாகிவிடாது. அவன் பேச்சு வீட்டில் எடுபட்டது என்றாவது இருக்கும்.

இரண்டாவது, பாதுகாப்பு. பிள்ளை கடலில் விழுந்துவிடுவானோ என்றுதான் எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களில் கைப்பிடிக் கம்பி 42 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. ஏறி உட்கார்ந்தால்தான் ஆபத்து. அதை ஒரு முறை கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. அறிமுகமாகி இரண்டு நாளான ஒருவரின் அறைக்குள் போவது. பொது இடத்தில் கண்காணிப்புக் கேமரா உண்டு, ஊழியர் உண்டு. மூடிய அறைக்குள் யாரும் இல்லை. எவர் அறைக்கும் போகாதே, எவரையும் நம் அறைக்குக் கூட்டி வராதே. இந்த ஒரு விதி போதும் என்பேன். ஊழியர் அழைத்தாலும் அதே விதி. நான் ஊழியனாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

மூன்றாவது, அபாயப் பயிற்சி. 2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு இன்னும் பயிற்சி நடந்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று விதி. 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். இப்போது பல கப்பல்களில் செல்போனில் காணொளி பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. பிள்ளைகள் ஓடவிட்டுப் பார்க்காமலே முடித்துவிடுவார்கள். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து அந்த இடத்துக்கு நடந்து போங்கள். ஏழு சிறு ஒலி, ஒரு நீள ஒலி என்ற அபாயச் சங்கு கேட்டால் ஒருவரை ஒருவர் தேடி அலையக்கூடாது, அவரவர் நேராக அங்கே வந்துவிட வேண்டும். பெற்றோர் பிள்ளையைத் தேடி மேலே ஓட, பிள்ளை பெற்றோரைத் தேடிக் கீழே ஓடினால் படிக்கட்டில் என்ன ஆகும்?

அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த்தளமாகப் பாருங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. பக்கவாட்டு உருளலை நீருக்கடியில் உள்ள, மீனின் துடுப்பு போன்ற தகடுகள் குறைத்துவிடும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏழாம்தளம்

என்ஜின்ரூம் ஐயா எழுதியதை அப்படியே படியெடுத்து வைத்துக்கொண்டேன்.

காற்றாடி, பத்தரை மணி கெடு பற்றி ஒரு மாற்றுக் கருத்து. கிளப்பில் பெரிய பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியே பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். நாங்கள் போன கப்பலில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனியாகச் சுற்றுவதற்கு நள்ளிரவு ஒரு மணி என்று கப்பலே கெடு வைத்திருந்தது. நாங்கள் பெரியவனுக்குப் பன்னிரண்டரை, சின்னவனுக்குப் பதினொன்றரை என்று வைத்தோம். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் குறித்த நேரத்தில் மேசைக்கு வந்துவிட வேண்டும். வேறு கட்டாயம் எதுவும் இல்லை.

காற்றாடி

இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு சொல்வது எளிது. பெண் பிள்ளையாக இருந்தால் பன்னிரண்டரை என்று சொல்லியிருப்பீர்களா?

ஏழாம்தளம்

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அது சரியா என்று கேட்டால் பதில் இல்லை.

நுணல்

இரண்டு பேரும் மணியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அப்பா செய்தது: "பதினொரு மணிக்கு ஒரு முறை அறைக்கு வந்து முகம் காட்டு, பிறகு பன்னிரண்டு வரை போ." தண்ணீர் குடிக்க வந்த மாதிரி வந்து போவேன். கூட இருந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது. அப்பாவும் தூங்கினார்.

அரைக்கணக்கு

பணக் கணக்கு யாரும் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக.

கப்பலில் எல்லாம் ஒரே அட்டை. அறைக் கதவு, செலவு, கரையில் இறங்கி ஏறுவது, எல்லாவற்றுக்கும் அதுதான். பிள்ளைகள் அட்டையில் செலவு வரம்பு வைக்கலாம், அல்லது முழுக்க மூடலாம். ஏறிய உடனே வரவேற்பு மேசைக்குப் போய் இதைச் செய்யுங்கள். விளையாட்டுக் கூடத்தில் அட்டையை இழுத்தால் ஓடும் இயந்திரங்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பையன் இரண்டே மணி நேரத்தில் செய்த வேலையைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் பல நிறுவனங்களில் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறும். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் முழுத் தலைதான். கப்பல் ஏறியதும் செல்போனை ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வழி அலைபேசி இணைப்பைத் தானே பிடித்துக்கொள்ளும், ரசீது வரும்போது மயக்கமே வரும். பல நிறுவனங்களின் செயலியில் குடும்பத்துக்குள் செய்தி அனுப்பும் வசதி உண்டு, இணையத் தொகுப்பு வாங்காமலே கப்பல் வைஃபையில் ஓடும். காற்றாடி இதை வைத்திருந்தால் அந்த இரவு உடுப்பு நடை மிச்சமாகியிருக்கும்.

விசா: ஸ்பெயினில் ஏறி, நடுவில் துனீசியா போய், இத்தாலியில் இறங்கும் மாதிரிப் பாதை என்றால் ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள். ஒரு முறை நுழைவு விசா போதாது. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

வெள்ளாம்பல்

எல்லோருக்கும் நன்றி. கப்பலைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மகனிடம் கொடுத்தேன். மூன்று நாள் எங்களோடு பேசாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். கடைசியில் நாங்கள் நினைத்ததைவிடச் சின்னக் கப்பல் ஒன்றைச் சொன்னான். நீர்ச்சறுக்கு கிடையாது. மகளுக்கு முகம் வாடிவிட்டது. உள்ளறை இரண்டு, எதிரெதிரே. பதிவு செய்துவிட்டோம்.

போய்வந்து எழுதுகிறேன்.

வெள்ளாம்பல் (நான்கு மாதம் கழித்து)

போய்வந்தோம். உங்களில் பலர் எழுதியது அப்படியே நடந்தது. நான் கவலைப்பட்டது மட்டும் நடக்கவில்லை. கவலைப்படாத இடத்தில் நடந்தது.

முதல் இரவு நுணல் சொன்னபடி இரண்டு பிள்ளைகளையும் கிளப்புக்கு அனுப்பினோம். மகன் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டான். "சரிப்படாது" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மகள் பதினொரு மணி வரை இருந்தாள், சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு நிம்மதி, மகளைப் பற்றிய கவலை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல், கரை இல்லை. காற்று பலம். மகளுக்குத் தலைசுற்றி வாந்தி. நடுத்தளத்தில் காற்றோட்டமான இடமாக உட்கார வைத்து, அடிவானத்தைப் பார்க்கச் சொல்லி, கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டோம். மாலைக்குள் தெளிந்துவிட்டாள், ஆனால் அன்றைக்குக் கிளப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. நுணல் எழுதியது ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்தது. அன்றிரவு அறையில் போர்வைக்குள் அழுதாள். பெட்டி கட்டி நாலு மாதம் காத்திருந்தவள். அவளுக்காக நான் எந்தத் திட்டமும் வைத்திருக்கவில்லை, அவ்வளவு நாளும் மகனைப் பற்றியே யோசித்திருக்கிறேன்.

பிறகு அவள் அப்பாவும் அவளும் நூலக மூலையில் ஒரு புதிர்ப் படத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஆயிரம் துண்டு. வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று ஒரு துண்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் அவளைப் போலவே கிளப்பிலிருந்து நழுவி வந்த இன்னொரு பெண் அங்கே வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் பொது மொழி சரியாக இல்லை. துண்டுகளைக் காட்டிக் காட்டியே பேசிக்கொண்டார்கள். பயணம் பிடித்ததா என்று கேட்டால் இன்னும் "பரவாயில்லை" என்றுதான் சொல்கிறாள். அதைத் திருத்த நான் முயலவில்லை.

மகன் விடியற்காலையில் காணாமல் போவான். உள்ளறையில் மதியம் வரை தூங்குவான் என்று ஏழாம்தளம் சொன்னாரே, எங்கள் வீட்டில் தலைகீழ். ஐந்து மணிக்கு எழுந்து கீழ் நடைதளத்துக்குப் போய்விடுவான். துறைமுகம் நெருங்கும்போது ஒரு சின்னப் படகு கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஓடிவருவதையும், அதிலிருந்து ஒருவர் தாவி ஏறுவதையும் முதல் துறைமுகத்தில் பார்த்திருக்கிறான். மற்றத் துறைமுகங்களில் அதற்காகவே எழுந்தான். நான்காம் நாள் என்னையும் எழுப்பினான். அவன் என்னை எழுப்பியது அவன் கைக்குழந்தையாக இருந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். மகன் மிகுந்த பொறுப்போடு எல்லாவற்றையும் மடித்து வைத்துப் பெட்டியை வெளியே தள்ளிவிட்டான். காலையில் பார்த்தால் போட்டுக்கொள்ள அரைக்கால் சட்டையும் செருப்பும்தான் மிச்சம். குளிரில் அப்படியே இறங்கினான். போகிறவர்கள் மறுநாள் உடுப்பைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஏழாம்தளம், காந்தக் கொக்கிக்கு நன்றி. பத்து போதவில்லை.

சும்மா ஒருவன்

அந்தப் படகு பார்க்கும் விஷயம் எனக்கே ஆசை காட்டுகிறது. மலையைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

பழைய என்ஜின்ரூம்

அம்மா, படகில் வந்து ஏறுபவர்தான் பைலட். அந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அறிந்தவர், கப்பலை உள்ளே கொண்டுபோக வழிகாட்டுவார். பையனையே இங்கே எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளாம்பல்

(மகன் எழுதுகிறேன்.) வணக்கம் சார். அவர் ஏறும்போது கப்பல் நிற்கவில்லை. ஏன் நிறுத்துவதில்லை? ஒரு நாள் மட்டும் கப்பல் கொஞ்சம் திரும்பிய மாதிரி இருந்தது.

பழைய என்ஜின்ரூம்

நன்றாகப் பார்த்திருக்கிறாய் தம்பி. நிறுத்தினால் கப்பல் சுக்கான் பேச்சைக் கேட்காது, காற்று இழுத்த பக்கம் போகும், படகும் அலையில் கண்டபடி ஆடும். அதனால் வேகத்தைக் குறைத்து மெல்ல ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்குத் திரும்பியது, காற்று வரும் பக்கத்தைக் கப்பலின் உடம்பால் மறைக்க. மறைவான பக்கத்தில் தண்ணீர் அடங்கியிருக்கும், படகு அங்கே வந்து ஒட்டும். கயிற்றேணியில் ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் போனால் அதோடு சாய்படியும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது விதி. நீ பார்த்த கப்பலில் அநேகமாக நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பக்கக் கதவு ஒன்றைத் திறந்திருப்பார்கள். எத்தனை படி ஏறினார் என்று எண்ணினாயா?

வெள்ளாம்பல்

ஆறு. ஒரு நாள் ஏழு.